கெட்ட நாளின் உடம்புக்கு ஓர் ஊன்றுகோல்

ஊன்றுகோலை முதன்முதலாக வாங்கியபோது அதை நான் தவறான கையில்தான் பிடித்தேன். வலி வலது இடுப்பிலும் வலது முழங்காலிலும் இருந்தது. ஆகவே கோலும் வலக்கையில்தான் இருக்க வேண்டும் என்று, யாரும் சொல்லித் தராமலேயே, நானாக முடிவு செய்துகொண்டேன். சாய்கிற சுவருக்குப் பக்கத்தில்தானே முட்டுக் கொடுப்பார்கள் என்பது என் கணக்கு. ஏறத்தாழ நான்கு மாதங்கள் அப்படியே நடந்து, இடுப்பு வலியோடு தோள்வலியையும் சேர்த்துக்கொண்ட பிறகு ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனேன். நான் அறைக்குள் நடந்து வருவதைப் பார்த்த மாத்திரத்தில் அவர், "முதலில் கையை மாற்றுங்கள் அம்மா, மற்றதைப் பிறகு பேசுவோம்" என்றார். மாற்றிப் பத்து அடி நடப்பதற்குள் வேறுபாடு தெரிந்தது. அதுவரை பட்டதெல்லாம் வீண் என்பதும் தெரிந்தது.

அவர் விளக்கிய காரணம் எளிமையானது. ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும் கணத்தில், தரையில் ஊன்றியிருக்கும் காலின் இடுப்பு மூட்டின்மீது உடலின் எடை முழுவதும் இறங்குகிறது. எடை மட்டுமன்று, தூக்கிய காலின் பக்கமாக இடுப்பு சரிந்துவிடாதபடி ஊன்றிய பக்கத்துத் தசைகள் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்த இறுக்கமும் அதே மூட்டைத்தான் அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால், சாதாரணமாக நடக்கும்போதே அந்த மூட்டு உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை தாங்குகிறது. கோல் எதிர்க்கையில் இருந்தால், நோயுற்ற மூட்டிலிருந்து வெகுவாக விலகிய ஓர் இடத்தில் தரையை அழுத்துகிறோம். கடப்பாரையின் கடைசி முனையைப் பிடித்து நெம்புவதைப் போல, சிறிய அழுத்தம் தசைகளின் பெரிய வேலையைக் குறைத்துவிடுகிறது. கோலும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில் ஏறும், கோலும் நோயுற்ற காலும் பின்தொடரும். இறங்கும்போது கோலும் நோயுற்ற காலும் முதலில் இறங்கும். இவ்வளவுதான் பாடம். இதை ஒரு தாளில் எழுதிக் கோலோடு கட்டிக் கொடுத்திருந்தால் என் நான்கு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

எனக்கு முடக்குவாதம் வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே பகையாக எண்ணித் தாக்கும் நோய் இது. பெரும்பாலும் கைவிரல்கள், மணிக்கட்டு, பாதம் ஆகிய சிறு மூட்டுகளில், இரு பக்கமும் ஒத்தாற்போல் தொடங்கும். காலையில் எழுந்தவுடன் மூட்டுகள் மரக்கட்டையாக இறுகியிருக்கும். அது இளக ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். உறங்கியும் தீராத அயர்ச்சி ஒன்றும் கூடவே வரும். இவற்றை விடவும் என்னைக் குழப்பியது வேறொன்று. நோய் நாளுக்கு நாள் ஒரே அளவில் இருப்பதில்லை. திங்கட்கிழமை கோலே இல்லாமல் நடந்தவள் புதன்கிழமை படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போக ஆள் தேடுவேன்.

நடை உதவிச் சாதனங்களைப் பற்றிய பொதுவான அறிவுரைகள் பெரும்பாலும் எலும்பு முறிந்தவரையோ அறுவை சிகிச்சை முடிந்து தேறி வருபவரையோ மனத்தில் வைத்துச் சொல்லப்படுகின்றன. அவருக்கு ஒரு கால் பழுது, மற்ற உறுப்புகள் நலம்; இன்று இருப்பதை விட அடுத்த மாதம் மேலாக இருப்பார். நாட்பட்ட நோயில் இந்த மூன்றும் பொருந்துவதில்லை. கால் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்வதுதான் கோல் முதல் வாக்கர் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை. கையும் நோயாளியாக இருந்தால் அந்தப் பங்கை யாரிடம் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே என் முதல் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தன.

முதல் கோலின் பிடி கொக்கி போல வளைந்திருந்தது. பார்க்க அழகாக இருக்கும், கையில் தொங்கவிட வசதியாக இருக்கும். ஆனால் உள்ளங்கை அழுத்தும் இடம் தண்டுக்கு நேர்மேலே அமையாமல் விலகி நிற்பதால், ஒவ்வோர் அடியிலும் மணிக்கட்டு அதைச் சரிக்கட்டித் திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிடிக்குக் கீழே தண்டு அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்து வரும் வகையில் எடை நேராகத் தண்டின்மீது இறங்கும். இப்போது நான் வைத்திருப்பது அதுவும் அன்று. உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அகன்று வார்க்கப்பட்ட பிடி. ஒரு புள்ளியில் குத்தும் அழுத்தத்தை அது உள்ளங்கை முழுவதும் பரப்பிவிடுகிறது. இவ்வகையில் இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நான் மறந்து, வலக்கைப் பிடியை வாங்கி வந்து, ஒரு வாரம் இடக்கையில் வைத்து மல்லுக்கட்டியிருக்கிறேன்.

உயரத்தைப் பார்ப்பதற்கு வழக்கமாக அணியும் காலணியோடு நிமிர்ந்து நின்று கைகளைத் தளரத் தொங்கவிட வேண்டும். மணிக்கட்டின் உட்புற மடிப்புக்கு நேராகப் பிடி வந்தால் சரி. அந்த உயரத்தில் கோலைப் பிடிக்கும்போது முழங்கை 15 முதல் 30 பாகை வரை மடங்கியிருக்கும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் முதுகு கூனும். கடையில் வெறுங்காலோடு அளந்துவிட்டு வீதியில் தடித்த அடிப்பாகம் கொண்ட செருப்பில் நடந்தால் அளந்ததற்குப் பயனில்லை. கோலின் அடியில் உள்ள ரப்பரின் வரிகள் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்ற வேண்டும். இவ்வளவு மலிவான, இவ்வளவு அடிக்கடி மறக்கப்படுகிற பாகம் இந்தச் சாதனங்களில் வேறு இல்லை; ஈரத் தரையில் நான் ஒருமுறை விழுந்ததற்கு அதைத் தவிர வேறு காரணமும் இல்லை.

எதை வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எது குறைகிறது என்பதைத்தான். ஒரு காலால் எடையைத் தாங்க முடியவில்லையா, நிலை தடுமாறுகிறதா, அல்லது சிறிது தூரம் போனதும் உடம்பில் ஒன்றும் மிஞ்சவில்லையா? மூன்றுக்கும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றேதான்: அவர் மெதுவாக நடக்கிறார். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. ஒரு கோல் உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை வாங்கிக்கொள்ளும். தடுமாற்றத்துக்கும் ஓரளவு உதவும். அயர்ச்சிக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது, கையில் இன்னொரு வேலையைக் கொடுப்பதைத் தவிர. நான்கு கால்கள் கொண்ட கோல் உறுதியாகத் தெரியும், ஆனால் நான்கும் ஒருசேரத் தரையைத் தொட்டால்தான் அந்த உறுதி. சற்று வேகமாக நடப்பவரிடம் அது ஆடும், குறுகிய படிகளில் அதற்கு இடமே போதாது.

இரண்டாவது ஆண்டின் இறுதியில் இரு முழங்கால்களும் வீங்கியபோது, முன்கையைச் சுற்றி வளையம் பிடிக்கும் ஊன்றுகோல்களை இரண்டாக வாங்கினேன். அக்குளில் வைக்கும் பழைய வகையை விட இவை நீண்ட காலப் பயன்பாட்டுக்கு ஏற்றவை என்பது உண்மை. அக்குள் வகையில் பலரும் செய்வதைப் போல அக்குளிலேயே உடலைத் தொங்கவிட்டால், அவ்வழியே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகக்கூடும். அதனால்தான் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி விடச் சொல்கிறார்கள். என் புதிய கோல்களில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் எடை முழுவதும் என் மணிக்கட்டுகளில் இறங்கியது. மூன்று வாரங்களில் கால் சற்றுத் தேறியது, கையால் பல் துலக்க முடியாமல் போனது. அவை இன்றும் அலமாரிக்குப் பின்னால் நிற்கின்றன.

இப்படி மூலையில் நிற்பவை எல்லார் வீட்டிலும் உண்டு. 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பல்வேறு உதவிச் சாதனங்களைப் பயன்படுத்திய 227 பேரிடம் கேட்டபோது, சாதனங்களில் 29 விழுக்காட்டுக்குச் சற்று மேல் முற்றிலும் கைவிடப்பட்டிருந்தன என்று தெரியவந்தது. மற்றவற்றை விட நடமாட்டத்துக்கு உதவுபவை கூடுதலாகக் கைவிடப்பட்டிருந்தன. பயன்படுத்துபவரின் கருத்தைக் கேளாமல் தேர்ந்தெடுத்தது, மிக எளிதாகக் கிடைத்துவிட்டது, சாதனம் சரியாக வேலை செய்யாதது, பயன்படுத்துபவரின் தேவை மாறிப்போனது ஆகிய நான்கும் அதற்குத் தொடர்புடைய காரணங்களாக அந்த ஆய்வில் தெரிந்தன. எளிதாகக் கிடைப்பதும் ஒரு காரணமா என்று முதலில் வியந்தேன். எண்ணிப் பார்த்தால் பொருந்துகிறது. என் ஊன்றுகோல்களை அரை மணி நேரத்தில் வாங்கி வந்தேன்; அந்த அரை மணியில் யாரும் என் கைகளைப் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

அன்று நான் நலமாக இருந்தேன் என்பதும் ஒரு காரணம். நோயோடு வாழ்பவர்கள் கடைக்கோ மருத்துவமனைக்கோ போவது நடமாட முடிகிற நாளில்தான். அதுவும் மூட்டுகள் இளகி, மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய முற்பகலில். நல்ல நாளின் உடம்பு போய்த் தேர்ந்தெடுக்கிறது. வாங்கியதைக் கெட்ட நாளின் உடம்பு பயன்படுத்த வேண்டியிருக்கிறது. முற்பகல் பதினொரு மணிக்கு எளிதாக மடக்க முடிந்த வாக்கர், காலை ஏழு மணிக்குப் பூட்டுப் போட்ட பெட்டியைப் போல் என்னைப் பார்த்துச் சிரிக்கும். இதை உணர்ந்த பிறகு நான் எதையும் நேரடியாக வாங்குவதில்லை. இரவலாகவோ வாடகைக்கோ ஒரு வாரமேனும் பெற்று, விரல்கள் மடங்காத காலைப் பொழுதில் அதன் பிரேக்கை அழுத்திப் பார்க்கிறேன், மடக்கிப் பார்க்கிறேன், தூக்கிப் பார்க்கிறேன். அதில் தேறினால்தான் பணம். அதற்கு வழியில்லாதவர்கள், குறைந்தபட்சம் தங்கள் மிக மோசமான ஒரு காலைப் பொழுதை எழுதி எடுத்துச் சென்று இயன்முறை மருத்துவரிடம் படித்துக் காட்டலாம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்கும்போது, அன்றைய நலத்தைச் சொல்லிவிடுவதுதான் நம் எல்லாருடைய வழக்கம்.

வாக்கர்களில் சக்கரமில்லாத வகையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். உறுதியில் அதற்கு நிகரில்லை, ஆனால் அயர்ச்சி உள்ளவரை அது அறைக்குள்ளேயே களைக்க வைத்துவிடும். முன்னால் மட்டும் இரண்டு சக்கரம் கொண்டது நடுவழி. எனக்கு விடுதலையாக வந்தது நான்கு சக்கரமும் பிரேக்கும் இருக்கையும் கொண்ட வகை. இதை 1978இல் உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐனா விஃபால்க் என்ற பெண்மணி. இளமையிலேயே போலியோவால் தாக்கப்பட்டவர். மடக்கும் சக்கர நாற்காலியை 1930களில் தன் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த ஹெர்பர்ட் எவரெஸ்டும் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த பொறியாளர்தான். தனக்கு வேண்டும் என்று செய்தவர்களின் கை இவற்றில் தெரிகிறது. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற ஒரு வசதி என்னை எவ்வளவு தூரம் கொண்டுபோயிற்று என்பதை நலமுள்ளவர்களுக்கு விளக்குவது கடினம். வரிசையில் நிற்க வேண்டியிருக்குமோ என்ற அச்சத்திலேயே நான் போகாமல் விட்ட இடங்கள் பல. எழுந்து நின்றாலே நெஞ்சு படபடத்துத் தலை சுற்றும் நோயுள்ள என் தோழி ஒருத்திக்குக் கால்களில் ஒரு குறையும் இல்லை. அவள் இந்த வாக்கரை வைத்திருப்பதே அந்த இருக்கைக்காகத்தான்.

ஆனால் இது உருளும் பொருள். இதன்மீது முழு எடையையும் சாய்ப்பவருக்கு அது முன்னே ஓடிவிடும்; அவருக்கு இது ஏற்றதன்று. உட்காருமுன் இரு பிரேக்கையும் பூட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவரை வைத்துத் தள்ளிக்கொண்டு போவதற்காக இது செய்யப்படவில்லை, எவ்வளவு அன்போடு தள்ளினாலும். பிரேக்கிலும் வகை உண்டு: சைக்கிளில் உள்ளதைப் போல விரலால் இறுக்கிப் பிடிப்பது ஒன்று, பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினால் நிற்பது மற்றொன்று. விரல் வலு இல்லாதவர்கள் பின்னதைக் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

சக்கர நாற்காலிக்கு வர எனக்கு மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. "இப்பவே எதுக்கும்மா? இன்னும் நடக்க முடியுதில்ல?" என்று அண்ணன் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை; நானும் அதே கேள்வியைத்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்விதான் தவறாக இருந்தது. நடக்க முடிந்தது. உறவினர் வீட்டு விழா ஒன்றில், வண்டி நின்ற இடத்திலிருந்து மண்டபம் வரை ஏறத்தாழ 400 மீட்டர் நடந்தேன். அங்கே ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் என்ன பேசினார்கள் என்பது நினைவில் இல்லை. திரும்பி வந்து இரண்டரை நாள் படுத்திருந்தேன். முடியுமா என்று கேட்டால் முடிந்தது என்பதே விடை. நடந்த பிறகு என்ன மிஞ்சியது என்று யாராவது கேட்டிருந்தால், ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோரில் கணிசமானவர்கள் எழுந்து நிற்கவும் சிறிது தூரம் நடக்கவும் கூடியவர்கள்தாம். நான் நாற்காலியிலிருந்து எழுந்து மேல் தட்டிலிருந்து ஒரு பொருளை எடுக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் என்னை ஏமாற்றுக்காரியைப் போலப் பார்ப்பதுண்டு. தொடக்கத்தில் விளக்கம் சொல்லுவேன். இப்போது சொல்வதில்லை, அதற்கும் தெம்பு செலவாகிறது.

உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே ஆகிவிடுவோம் என்ற அச்சத்தை நான் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன். பயன்படுத்தாத தசை மெலியும், அது உண்மை. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி பாதுகாப்பானது, தேவையானதும் கூட. நான் வாரத்தில் ஐந்து நாள் செய்கிறேன். ஆனால் அந்தப் பயிற்சியை நான் தேர்ந்தெடுத்த நேரத்தில், தேர்ந்தெடுத்த அளவில் செய்கிறேன். அதற்கான தெம்பு, கடைக்குள் நடந்து தீர்த்துவிடாமல் நாற்காலி மிச்சப்படுத்திக் கொடுத்தது. எல்லா நோய்க்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நாட்பட்ட களைப்பு நோயில், சிறிய உழைப்பு கூட ஒரு நாளோ இரு நாளோ கழித்து உடம்பைச் சாய்த்துவிடும். படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சை அவர்களுக்கு வேண்டாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் தன் வழிகாட்டுதலை மாற்றியமைத்தது. அத்தகையவரிடம் போய் "கொஞ்சம் நடந்தால் சரியாகும்" என்பது கொடுமை.

நாற்காலியிலும் என் கைகளே குறுக்கே வந்தன. பெரிய பின்சக்கரங்களைத் தானே தள்ளிப் போகும் வகை என் மணிக்கட்டுகளுக்கு ஆகாது. சிறிய சக்கரம் கொண்டதை வேறொருவர் தள்ள வேண்டும். அது மலிவு, இலகு, மடக்கி வண்டியில் வைக்கலாம். ஆனால் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்பது கூட என் கையில் இல்லை, எதிரில் வருபவரும் தள்ளுகிறவரைப் பார்த்தே பேசுகிறார். ஓராண்டுக்குப் பின் மோட்டார் நாற்காலிக்கு மாறினேன். ஸ்கூட்டர் வகையையும் ஓட்டிப் பார்த்தேன். அதன் திசைமாற்றியைப் பிடித்துக்கொண்டே இருக்கத் தோளும் விரலும் வேண்டும், திரும்பக் கூடுதல் இடம் வேண்டும். நாற்காலியை ஒரு சிறு கைப்பிடியால் நகர்த்தலாம்.

அளவு விஷயத்தில் செருப்புக்கேற்பக் காலை வெட்டக் கூடாது. நாற்காலியின் அகலம் உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தை விட ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் கூடுதலாக இருந்தால் போதும். "தாராளமாக இருக்கட்டும்" என்று அகலமாக வாங்கினால் உடம்பு ஒருபக்கம் சாயும், நாற்காலியும் கதவில் இடிக்கும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நல்ல மெத்தையின் செலவில் சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு; மெத்தை நன்றாக இருந்தாலும் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை உடலை அசைத்து அழுத்தத்தை மாற்ற வேண்டும். வீட்டின் கதவுகளை நாற்காலிக்கு முன்பே அளந்துவிட வேண்டும். நான் வாசற்கதவை அளந்தேன், குளியலறைக் கதவை அளக்கவில்லை. அதனால் குளியலறைக்குள் இன்றும் கோல்தான்.

ஒன்றுக்கு வந்துவிட்டால் முந்தையது முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என் வீட்டில் மூன்றும் வாசலருகே நிற்கின்றன. எதை எடுப்பது என்பதைக் காலையில் மணிக்கட்டைப் பார்த்து முடிவு செய்கிறேன். அன்று மாலை எதற்காகத் தெம்பு வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். கடந்த ஒரு மாதமாக, கோல் பிடிக்கும் இடது மணிக்கட்டு வீங்குகிறது. கைப்பிடிக்குப் பதிலாக முன்கை முழுவதையும் கிடத்திக்கொள்ளும் தொட்டில் போன்ற தாங்கி பொருத்திய வாக்கர் ஒன்று உண்டு. எடை மணிக்கட்டில் இறங்காமல் முன்கையில் பரவும். அடுத்த வாரம் ஒன்றை இரவல் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு, விரல்கள் மடங்குவதற்கு முன் அதைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பாகக் குளியலறைக் கதவை அளக்க வேண்டும்.